பழைய வீட்டில் வெளியேறும் வழி விளக்குகள்: ஜெனரேட்டரும் இன்வெர்ட்டரும் இருந்தால் போதாதா?

கானாடுகாத்தான் பேரன்:

எல்லோருக்கும் வணக்கம். கானாடுகாத்தானுக்குப் பக்கத்து ஊரில் எங்கள் ஐயா காலத்து வீடு. முகப்பு, வளவு (முற்றத்தைச் சுற்றியுள்ள முதல் கட்டு), இரண்டாங்கட்டு, அடுப்படிக் கட்டு என்று இந்தத் தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். பூட்டியே கிடந்து பாழாகிறதே என்று பங்காளிகள் எல்லோரும் பேசி, கல்யாணத்துக்கு வாடகைக்கு விடுவது, மாடியிலும் இரண்டாங்கட்டிலுமாக 9 அறைகளைத் தங்கும் விருந்தினருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்தோம். பொதுக் கட்டட உரிமத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம், அதற்குத் தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்றும் வேண்டும்.

பார்வைக்கு வந்த அதிகாரி பொறுமையாக எல்லா இடத்தையும் சுற்றிப் பார்த்தார். வெளியேறும் வழிப் பலகைகளும் நடைபாதை விளக்குகளும் கரண்டு போனாலும் குறைந்தது 90 நிமிடம் எரிய வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். எங்களிடம் 25 கேவிஏ டீசல் ஜெனரேட்டர் இருக்கிறது. 150 ஆம்பியர்-மணி ட்யூபுலர் பேட்டரி இரண்டு போட்ட இன்வெர்ட்டரும் இருக்கிறது. இதற்கு மேல் தனியாக விளக்கு எதற்கு என்று பங்காளிகள் கேட்கிறார்கள், எனக்குச் சரியாகப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஒருவர் இருட்டில் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டினாலே போதும் என்கிறார். இன்னொருவர் கடையில் விற்கும், உள்ளேயே பேட்டரி உள்ள இன்வெர்ட்டர் பல்பை மாட்டிவிடு என்கிறார்.

இன்னொரு கவலையும் உண்டு. நிலைகள் எல்லாம் பர்மா தேக்கு, தலைக்கு மேல் லட்சுமி செதுக்கியிருக்கிறது. அதில் துளை போட எனக்கு மனசு வராது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

காரைக்குடி வயர்மேன்:

அண்ணே, நான் 22 வருடமாக வயரிங் வேலை செய்கிறேன், இந்தப் பக்கத்துப் பழைய வீடுகள் நிறையப் பார்த்தாயிற்று. உங்கள் பங்காளிகள் கேட்பது எல்லோரும் கேட்கிற கேள்விதான். ஜெனரேட்டர் கல்யாணம் நிற்காமல் நடப்பதற்கு, அவசர விளக்கு ஆட்கள் வெளியே போவதற்கு. இரண்டும் வேறு வேறு வேலை.

2016ஆம் வருடத் தேசியக் கட்டட விதித் தொகுப்பின் 4ஆம் பகுதியில் இதற்கான கணக்கு இருக்கிறது. சாதாரண விளக்கு அணைந்த 5 விநாடிக்குள் அவசர விளக்கு எரிய வேண்டும், எவ்வளவு சின்னக் கட்டடமானாலும் 90 நிமிடம் தாங்க வேண்டும், வழியின் நடுக்கோட்டில் தரையில் 10 லக்ஸ் வெளிச்சம் விழ வேண்டும் (லக்ஸ் என்பது ஓரிடத்தில் விழும் வெளிச்சத்தின் அளவு). உங்கள் ஜெனரேட்டர் தானாக ஸ்டார்ட் ஆகும் வகையா, இல்லை ஆள் போய்ச் சாவி போட்டு, லைனை ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச் ஓவர் சுவிட்சைத் திருப்பும் வகையா? ஆள் போக வேண்டும் என்றால் 5 விநாடி என்பதை மறந்துவிடுங்கள், அந்த ஆள் பந்தியில் உட்கார்ந்திருப்பார். தானாக ஸ்டார்ட் ஆகும் வகை என்றாலும் இன்ஜின் ஓடி, வோல்டேஜ் நிலைத்து, லோடு ஏறுவதற்குள் பத்துப் பதினைந்து விநாடி ஆகிவிடும். அதைவிடப் பெரிய விஷயம், தீ என்று வந்தால் முதலில் மெயினைத்தான் இறக்குவார்கள், ஜெனரேட்டரையும் நிறுத்துவார்கள். எந்த நேரத்துக்காக விளக்கு வைக்கிறோமோ அந்த நேரத்தில் ஜெனரேட்டர் ஓடவே ஓடாது.

இன்வெர்ட்டர் கொஞ்சம் பரவாயில்லை, பேட்டரித் திறனில் குறை சொல்ல மாட்டேன். 3 வாட் விளக்கு 30 போட்டால் 90 வாட், ஒன்றரை மணிக்கு 135 வாட்-மணிதான். உங்கள் பேட்டரி ஒன்றே 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி, அதாவது 1800 வாட்-மணி. தாராளம். ஆனால் அந்த இன்வெர்ட்டரில் 9 அறைகளின் ஃபேனும் டிவியும் சேர்ந்து தொங்குகிறது அல்லவா? ஆபத்து வரும் நேரத்தில் அதில் எவ்வளவு மிச்சம் இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதோடு ஒரே இடத்திலிருந்து ஒரே வயர் வீடு முழுக்க ஓடுகிறது, வழியில் எங்கே எரிந்தாலும் அதற்கப்புறம் உள்ள எல்லா விளக்கும் அவுட். மரப்பட்டி மேல் ஓடும் பழைய வயரிங்கை நம்பி இதைச் செய்ய வேண்டாம். நடு பேட்டரி முறைதான் வேண்டும் என்றால் தீயைத் தாங்கும் கேபிள், அவசர விளக்குக்கென்றே தனி பேட்டரி என்று செலவு வேறு மாதிரிப் போகும்.

உங்கள் வீட்டுக்கு நான் சொல்வது, ஒவ்வொரு விளக்குக்குள்ளும் அதன் பேட்டரி இருக்கும் வகை. வயர் எரிந்தாலும் அது பாட்டுக்கு எரியும்.

இப்போது நான் சொல்வதை உங்கள் எலக்ட்ரீஷியனிடம் வரிக்கு வரி படித்துக் காட்டுங்கள், நிறைய இடத்தில் இதைத்தான் தப்பாகச் செய்திருக்கிறார்கள். அவசர விளக்குக்கென்று தனி எம்சிபி (லைனில் கோளாறு என்றால் தானாக இறங்கும் சுவிட்ச்) போட்டுத் தனி லைன் இழுக்காதீர்கள். வளவு விளக்கின் எம்சிபி மட்டும் டிரிப் ஆனால் வளவு இருட்டாகிவிடும். ஆனால் அவசர விளக்குக்குத் தன் லைனில் கரண்டு வந்துகொண்டே இருக்கும், அதனால் அது எரியாது. எந்த இடத்து விளக்கு அணைந்தால் இது எரிய வேண்டுமோ, அந்த இடத்து விளக்கின் எம்சிபிக்குப் பின்னால், சுவிட்சுக்கு முன்னால் இணைப்பு எடுக்க வேண்டும். சுவிட்சுக்குப் பின்னால் எடுத்தால் தினமும் ராத்திரி விளக்கை அணைத்தவுடன் இது எரிய ஆரம்பித்து, விடிவதற்குள் பேட்டரி காலியாகிவிடும்.

இன்வெர்ட்டர் பல்பு வேண்டாம். சுவிட்ச் ஆஃபில் இருந்தால் கரண்டு போனாலும் எரியாது, பகலில் யார் சுவிட்சைப் போட்டு வைக்கிறார்கள்? சார்ஜ் ஏறுகிறதா என்று காட்டும் சின்ன விளக்கும் இல்லை, டெஸ்ட் பட்டனும் இல்லை.

தேவகோட்டைக்காரன்:

இவ்வளவு பெரிதாக்க வேண்டுமா? எங்கள் சின்ன மண்டபத்தில் ஒளிரும் ஸ்டிக்கர்தான் ஒட்டியிருக்கிறோம். நன்றாகவே தெரிகிறது. கரண்டும் வேண்டாம், பேட்டரியும் வேண்டாம்.

பணி ஓய்வு, தீயணைப்பு:

தேவகோட்டைத் தம்பி, உங்கள் ஸ்டிக்கரை நீங்கள் பார்த்தது விளக்கு எரிந்துகொண்டிருந்து அணைந்த உடனே என்று நினைக்கிறேன். அந்தப் பூச்சு வெளிச்சத்தை வாங்கி வைத்துத் திருப்பிக் கொடுப்பது. வாங்காததைக் கொடுக்க அதனால் முடியாது. செட்டிநாட்டு வீட்டில் வளவு முற்றத்தில் வெயில் கொட்டும், நாலடி தள்ளி உள் அறைப் பக்கம் போனால் பட்டப்பகலில் கையே தெரியாது. அங்கே ஒட்டிய ஸ்டிக்கர் எதை வாங்கி எதைக் கொடுக்கும்? அது போகிற பக்கத்தைக் காட்டலாம், தரையையும் படியையும் காட்டாது. தரையோரமாகக் கூடுதலாக ஒட்டிக்கொள்ளுங்கள், புகை மேலே கட்டி நிற்கும்போது குனிந்து போகிறவருக்கு உதவும். விளக்குக்குப் பதிலாக வேண்டாம்.

நான் 30 வருடத்துக்கு மேல் இந்த வேலையில் இருந்தவன். வெளியில் இருப்பவர்கள் தீ என்றால் நெருப்பை மட்டும் நினைக்கிறார்கள். ஆளைக் கொல்வதில் பெரும்பங்கு புகையும் இருட்டும்தான். 1997 ஜூன் 13 அன்று டெல்லி உபகார் தியேட்டரில் 59 பேர் இறந்தார்கள். தீப்பிடித்தது கீழே டிரான்ஸ்ஃபார்மரில், இறந்தவர்களோ மேலே பால்கனியில் மூச்சு முட்டி இறந்தவர்கள். கரண்டு போய் இருட்டு, அவசர விளக்கு கிடையாது, கூடுதல் நாற்காலி போட்டு ஒரு பக்கத்து வழியையே அடைத்திருந்தார்கள். நம் ஊர்ப் பக்கம் 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கத்தில் கல்யாண மண்டபத்தில் தீப்பிடித்து மாப்பிள்ளை உட்படப் பலர் போனார்கள். அதே வருடம் ஜூலை 16 கும்பகோணம், 94 பிள்ளைகள். அந்த வருடத்துக்கு அப்புறம் எந்த மண்டபத்துக்குப் போனாலும் நான் முதலில் பார்ப்பது இரண்டாவது வாசல் எங்கே என்பதைத்தான். இன்றைக்கும் அப்படித்தான்.

கானாடுகாத்தான் தம்பிக்கு ஒரு நல்ல செய்தி. உங்கள் முன்னோர் தெருவுக்குத் தெரு வீடு கட்டி, எதிரெதிராக இரண்டு வாசல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இப்போது கட்டும் பல மண்டபங்களுக்கு அது இல்லை. ஆனால் பின்வாசல் என்ன நிலையில் இருக்கிறது? நான் பார்த்த வீடுகளில் முக்கால்வாசி அடுப்படிக் கட்டுக் கதவு உள்ளே இரும்புப் பட்டை போட்டுப் பூட்டியிருக்கும், சாவி வேறு ஊரில் ஒரு பங்காளியிடம் இருக்கும், கதவை ஒட்டி விறகும் அண்டாவும் அடுக்கியிருக்கும். பூட்டிய கதவைக் காட்டும் பச்சை விளக்கைப் போல மோசமானது வேறு இல்லை, அதை நம்பி நாற்பது பேர் ஓடி வந்து அங்கே நசுங்குவார்கள். முதலில் கதவு. உள்ளிருந்து சாவி இல்லாமல் ஒரே தள்ளில் திறக்க வேண்டும். அப்புறம் விளக்கு.

விளக்கு எங்கெங்கே என்றால், வழி திரும்பும் இடம், இரண்டு நடை சந்திக்கும் இடம், ஒவ்வொரு வெளிக்கதவு, படிக்கட்டின் ஒவ்வொரு அடுக்கு, தரை ஏறி இறங்கும் இடம், தீயணைப்பான் மாட்டிய இடம், எச்சரிக்கை மணி பட்டன். இவற்றிலிருந்து 2 மீட்டருக்குள் ஒரு விளக்கு இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசிக் கதவைத் தாண்டி வெளியேயும் ஒன்று வேண்டும், இதைத்தான் எல்லோரும் மறப்பார்கள். உள்ளே வெளிச்சம், வாசல்படியில் இருட்டு என்றால் முதலில் இறங்குகிறவர் விழுவார், பின்னால் வருகிறவர்கள் அவர் மேல் விழுவார்கள்.

பள்ளத்தூர் ஆச்சி:

ஐயா சொன்ன தரை ஏறி இறங்கும் இடம் என்பதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நம் வீடுகளில் ஒவ்வொரு கட்டுக்கும் நடுவில் நிலைப்படி அரை முழம் நிற்கும். பிறந்ததிலிருந்து தாண்டிப் பழகிய எங்களுக்கு அது தெரியாது, வெளியூர் விருந்தாளிக்கு அது ஒரு சுவர்.

நாங்களும் வீட்டை விசேஷங்களுக்குக் கொடுக்கிறோம். நாலு வருடத்துக்கு முன்னால் ஒரு சாந்திக் கல்யாணம் (அறுபதாம் கல்யாணம்), ராத்திரிச் சாப்பாட்டு நேரம். மின்தடை. ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆகவில்லை, அதன் பேட்டரி இறங்கிப்போயிருந்தது, யாரும் பார்க்கவில்லை. இரண்டு நிமிடம்தான் இருட்டு, தீயும் இல்லை புகையும் இல்லை. எழுந்து வெளிச்சம் தேடிப் போன ஒரு அப்பத்தா இரண்டாங்கட்டு நிலைப்படியில் கால் தட்டி விழுந்தார், இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. அதற்கப்புறம் அவர் பழையபடி நடக்கவே இல்லை. அந்தக் குடும்பத்தார் எங்களை ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை.

அடுத்த மாதமே விளக்கு போட்டோம். ஒவ்வொரு நிலைப்படிக்கும் நேர் மேலே இல்லாமல் பக்கச் சுவரில் ஒன்று, படியின் விளிம்பில் வெள்ளைப் பட்டை. நிலையைத் தொடவே இல்லை. பச்சைப் பலகையை மேலே உத்தரத்துக் கொக்கியிலிருந்து பித்தளைச் சங்கிலியில் தொங்கவிட்டோம், பழைய தொங்கு விளக்குக்கு அடித்த கொக்கி எல்லா வீட்டிலும் இருக்குமே. கண்ணாடி மாதிரித் தெளிவான பலகைதான், செதுக்கல் மறையாது. வயரைச் சுவர் மூலையில் இறக்கினோம். சுண்ணாம்புப் பூச்சுச் சுவரில் டிரில் போடும்போது பாளம் பாளமாகப் பெயரும், தெரிந்த கொத்தனாரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள் தம்பி.

நியூஜெர்சியிலிருந்து:

நான் கொத்தமங்கலம், இங்கே கட்டட மின் வடிவமைப்பில் இருக்கிறேன். இங்குள்ள முறையைச் சொல்கிறேன், ஒப்பிட்டுப் பார்க்க உதவும். அமெரிக்காவில் என்எஃப்பிஏ 101 என்ற விதித் தொகுப்பும் 90 நிமிடம்தான் கேட்கிறது. விளக்கு வர 10 விநாடி வரை விடுகிறது, தொடக்கத்தில் சராசரி சுமார் 10.8 லக்ஸ், 90 நிமிட முடிவில் 6.5க்குக் கீழே போகக் கூடாது. எனக்கு அதில் முக்கியமாகத் தெரிவது சோதனை. மாதம் ஒருமுறை 30 விநாடி, வருடம் ஒருமுறை முழு 90 நிமிடம், இரண்டையும் எழுதி வைக்க வேண்டும். பிரிட்டனில் மக்கள் தூங்கும் இடங்களுக்கு 3 மணி நேர விளக்குதான் வழக்கம். நீங்கள் 9 அறை விடப்போகிறீர்கள், தூக்கத்தில் எழுந்து வருகிறவருக்கு நேரம் கூட ஆகும். அறைகளுக்கு வெளியே உள்ள நடையிலாவது 3 மணி நேர வகை வாங்குங்கள், விலை வித்தியாசம் பெரிதாக இருக்காது.

கரண்டே வேண்டாத டிரிடியம் பலகை என்று யாராவது சொன்னால் அதைத் தொடாதீர்கள். கதிரியக்க வாயு அடைத்தது, ஆயுள் முடிந்ததும் குப்பையில் போடவும் முடியாது.

பேட்டரி வகையைக் கேட்டு வாங்குங்கள். ஈய-அமில பேட்டரி 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஏறக்குறைய பாதி ஆயுளை இழக்கும், நம் ஊர்ச் சித்திரை வெயிலில் அது எத்தனை நாள் வரும் என்று நீங்களே கணக்குப் போடலாம். நிக்கல்-காட்மியம் சூட்டைத் தாங்கும். இப்போது லித்தியம் இரும்பு பாஸ்பேட் நன்றாக வருகிறது. எதுவானாலும் மாடிக் கூரையை ஒட்டி மாட்டாதீர்கள்.

கானாடுகாத்தான் பேரன்:

எல்லோருக்கும் நன்றி. ஆச்சி எழுதியதைப் பங்காளிகளுக்குப் படித்துக் காட்டினேன், அதற்கப்புறம் யாரும் செலவைப் பற்றிப் பேசவில்லை. பின்வாசலைப் போய்ப் பார்த்தேன், ஐயா சொன்னதேதான். இரும்புப் பட்டை, பூட்டு, சாவி கோயம்புத்தூரில். இரும்புப் பட்டையைக் கழற்றிவிட்டு உள்ளிருந்து தள்ளித் திறக்கும் தாழ்ப்பாள் போட ஆசாரியிடம் சொல்லியிருக்கிறேன்.

இரண்டு கேள்வி. எத்தனை அடிக்கு ஒரு விளக்கு? அப்புறம் மாதாமாதம் மின்வாரியம் பராமரிப்புக்கு என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை நிறுத்துகிறதே, அன்றைக்கு இந்தப் பேட்டரி எல்லாம் காலியாகிவிடாதா?

காரைக்குடி வயர்மேன்:

நல்ல கேள்வி அண்ணே, இரண்டாவதை முதலில் சொல்கிறேன். ஆமாம், காலியாகிவிடும். 9 மணிக்குக் கரண்டு போனால் விளக்கு எரிந்து பத்தரை மணிக்கு அணைந்துவிடும், முழுச் சார்ஜ் திரும்ப ஏற 24 மணி நேரம் என்று பெட்டியிலேயே போட்டிருப்பான். அன்று ராத்திரி வீட்டில் ஆள் தங்கினால் பாதுகாப்பு இல்லை. அதனால் நடைபாதை விளக்குச் சர்க்யூட்டை ஜெனரேட்டர் பக்கம் வைத்துவிடுங்கள். மின்தடை நாளில் ஜெனரேட்டர் ஓடும்போது அவசர விளக்கு அணைந்து சார்ஜில் இருக்கும், ஜெனரேட்டரும் நின்றால் மட்டும் எரியும். உங்கள் ஜெனரேட்டருக்கு அதுதான் சரியான வேலை. வெளியேறும் வழிப் பலகை மட்டும் எப்போதும் எரியும் வகையாக இருக்கட்டும், கல்யாணக் கூட்டத்தில் கண்ணுக்குப் பழகும்.

தூரக் கணக்கு. 3 வாட், 300 லூமன் (விளக்கு மொத்தமாகத் தரும் ஒளியின் அளவு) விளக்கை இரண்டரை மீட்டர் உயரத்தில் வைத்தால் நேர் கீழே சுமார் 15 லக்ஸ் வரும், 2 மீட்டர் தள்ளினால் 6க்குக் கொஞ்சம் கீழே. ஆக 4 மீட்டருக்கு ஒன்று வைத்தால் நடுவில் இரண்டும் சேர்ந்து 11 வரும். தூசி படியும், பேட்டரி இறங்க இறங்க மங்கும், அதனால் மூன்றரை மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பெட்டியில் 300 என்று போட்டிருப்பது பேட்டரியில் எரியும்போது வரும் லூமனா என்று கேளுங்கள், சிலவற்றில் கரண்டில் 300, பேட்டரியில் 100தான். மாட்டியதும் ராத்திரி எல்லா விளக்கையும் அணைத்து லக்ஸ் மீட்டர் வைத்துப் பார்ப்போம், என்னிடம் இருக்கிறது, கொண்டுவருகிறேன்.

வருடச் சோதனையை ஆடி மாதத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கல்யாணம் இருக்காது, அறையிலும் ஆள் இல்லாத நாளாகப் பார்த்து எம்சிபியை இறக்கிவிட்டு 90 நிமிடம் உட்கார்ந்து பார்க்கலாம், சார்ஜ் ஏறவும் ஒரு நாள் கிடைக்கும்.

கானாடுகாத்தான் பேரன்:

மூன்று மாதம் கழித்து எழுதுகிறேன். விளக்கு 34, பலகை 11. ஆச்சி சொன்னபடி சங்கிலியில்தான் தொங்குகிறது, ஒரு நிலையிலும் துளை இல்லை. சான்று கிடைத்துவிட்டது.

போன வாரம், ஆடி பிறந்த மறுநாள், ராத்திரி 8 மணிக்கு எம்சிபிகளை இறக்கிவிட்டு நானும் பையனும் வளவில் உட்கார்ந்தோம். தூண்களுக்கு நடுவில் பச்சையும் வெள்ளையுமாக முகப்பிலிருந்து பின்வாசல் வரை ஒரே கோடாக வெளிச்சம், எனக்கு அந்த வீடு அவ்வளவு நீளம் என்பதே அன்றைக்குத்தான் உறைத்தது. பையன் ஒவ்வொரு விளக்காகப் போய் நோட்டில் குறித்தான். 33 விளக்கு 90 நிமிடத்தைத் தாண்டி எரிந்தது. மாடிப்படித் திருப்பத்தில் உள்ளது மட்டும் 40 நிமிடத்தில் அணைந்துவிட்டது. புது விளக்கு, இப்படி ஆகுமா? முழுதாக மாற்ற வேண்டுமா?

காரைக்குடி வயர்மேன்:

ஆகும் அண்ணே, அதற்குத்தான் சோதனை. முதலில் அந்தப் படிக்கட்டு விளக்குக்கு இணைப்பு சுவிட்சுக்குப் பின்னால் எடுத்திருக்கிறானா என்று பாருங்கள், அப்படியிருந்தால் மூன்று மாதமாகத் தினமும் காலியாகிக் காலியாகி அடிபட்டிருக்கும். இணைப்பு சரி என்றால் பேட்டரிதான் பழுது. விளக்கைத் தூக்கிப் போட வேண்டாம், உள்ளே இருப்பது 3.2 வோல்ட் லித்தியம், அதை மட்டும் மாற்றலாம். வாரண்டி இருக்கும், பில்லோடு கடையில் கொடுங்கள். அது வரும் வரை அந்தத் திருப்பம் இருட்டாக இருக்க வேண்டாம், என்னிடம் உபரி விளக்கு ஒன்று இருக்கிறது, நாளைக் காலையில் வந்து மாட்டிவிடுகிறேன். மாட்டிய தேதியைப் பின்பக்கம் மார்க்கரில் எழுதச் சொல்லுங்கள் பையனை.